டொமைன் பிரைவசி: திரை சரி, திரைக்குப் பின்னால் யார் பெயர்?

டாட் காம் ஒன்றை வாங்கிய மறுநாளே, "சார், வெப்சைட் டிசைன் பண்ணணுமா? லோகோ? கூகுள்ல ஃபர்ஸ்ட் பேஜ்?" என்று வரிசையாகப் போன் வந்தால், பிரைவசி போடாமல் வாங்கியிருக்கிறீர்கள் என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லிவிடலாம். கன்னியாகுமரியில் மாடி அறை இரண்டை ஹோம்ஸ்டேயாக விடும் குடும்பம், மார்த்தாண்டத்தில் தேன் அடைத்து விற்பவர், வடசேரியில் கோயில் நகை செய்பவர் என்று இந்த மாவட்டத்தில் வெப்சைட் வைத்திருக்கும் சிறு தொழில்காரர்கள் பதிவுப் படிவத்தில் கொடுப்பது பெரும்பாலும் சொந்த வீட்டு முகவரியும் சொந்தச் செல் நம்பரும்தான். ஹோம்ஸ்டே என்றால் அது அந்த வீட்டு அம்மாவின் வாட்ஸ்அப் நம்பர். மறைக்காவிட்டால், டொமைன் என்கிற இந்த வெப்சைட் பெயர் யாருடையது என்று எவரும் தேடிப் பார்க்கும் பொது ஏட்டில் இதெல்லாம் அப்படியே தெரியும். இதை மறைத்துத் தருகிறோம் என்று விற்கப்படும் சேவை காசுக்குத் தகுந்ததா, எங்கே காலை வாரும் என்பதைப் பார்ப்போம்.

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்க்க வேண்டும். பில்லில் 'பிரைவசி' என்று ஒரே சொல்லாக வந்தாலும் உள்ளே மூன்று சரக்கு இருக்கிறது. ஒன்று, வெறும் மறைப்பு. உங்கள் விவரம், டொமைனைப் பதிந்து விற்கும் பதிவு நிறுவனத்திடம் அப்படியே இருக்கும், பொதுத் தேடலில் மட்டும் பெயர், தெரு, பின்கோடு, போன் இடங்களில் 'ரிடாக்டட் ஃபார் பிரைவசி', அதாவது தனியுரிமைக்காக மறைக்கப்பட்டது என்று வரும். இரண்டாவது, தொடர்பு மாற்றம். உரிமையாளர் பெயர் உங்களுடையதாகவே தெரியும், முகவரியும் மின்னஞ்சலும் சேவை நிறுவனத்துடையது. மூன்றாவது, பினாமி முறை. அந்தச் சேவை நிறுவனமே டொமைனைப் பதிந்தவராக ஏட்டில் நிற்கும், உங்களுக்கும் அதற்கும் இடையே தனி ஒப்பந்தம் இருக்கும். டொமைன் விற்கும் நிறுவனங்களில் கோடாடியின் 'டொமைன்ஸ் பை பிராக்ஸி', நேம்சீப் பயன்படுத்தும் 'வித்ஹெல்ட் ஃபார் பிரைவசி' இரண்டிலும் பொதுத் தேடலில் நிற்பது அந்தச் சேவையின் பெயரும் முகவரியும்தான். முதலாவதில் அமெரிக்காவின் அரிசோனா என்று வரும், இரண்டாவதில் ஐஸ்லாந்து. நாகர்கோவில் கடைக்காரர் தன் டொமைனைத் தேடிப் பார்த்து "இது யாருலே ஐஸ்லாந்துக்காரன், நம்ம பேரு எங்கே?" என்று பதறுவது இதனால்தான். பதற வேண்டாம், சேவை வேலை செய்கிறது என்று பொருள்.

இன்றைய நிலையில் முதல் வகை பெரும்பாலும் சும்மாவே கிடைக்கிறது. ஐரோப்பாவின் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2018 மே 25 அன்று நடைமுறைக்கு வந்தபோது, டொமைன்களுக்குத் தலைமை அமைப்பான ஐகேன் அவசர விதி ஒன்றைக் கொண்டுவந்தது. அதன் பிறகு பல பதிவு நிறுவனங்கள் ஊர் பார்க்காமல் எல்லோருடைய விவரத்தையும் மறைக்க ஆரம்பித்தன. 2025 ஆகஸ்ட் 21 முதல் அந்த இடத்தில் நிரந்தரக் கொள்கை இருக்கிறது. அட்மின், டெக்னிக்கல் என்று ஒரே முகவரியைத் திரும்பத் திரும்ப நிரப்பும் கட்டாயமும் போயிற்று. டொமைன் யாருடையது என்று தேடிப் பார்க்க 1982-லிருந்து ஓடிய 'ஹூ இஸ்' முறையையும் டாட் காம் போன்ற பொது டொமைன்களுக்கு வைத்திருக்க வேண்டிய கட்டாயம் 2025 ஜனவரி 28-உடன் முடிந்தது. இப்போது அதே வேலையை 'ஆர்டாப்' செய்கிறது. ஆனாலும் ஊரில் எல்லோரும் 'ஹூ இஸ் பாரு' என்றுதான் சொல்வார்கள், சொல்லட்டும்.

மறைத்த பிறகும் சில வரிகள் வெளியே நிற்கும். பதிவு நிறுவனத்தின் பெயர், பதிந்த நாள், முடியும் நாள், வெப்சைட்டும் மெயிலும் எங்கே இருக்கின்றன என்று வழிகாட்டும் நேம்சர்வர், டொமைன் ஓடுகிறதா நிற்கிறதா என்று சொல்லும் நிலைக் குறியீடுகள், அவற்றோடு மாநிலமும் நாடும். அதாவது வெறும் மறைப்பில் 'தமிழ்நாடு, ஐஎன்' என்பது தெரிந்தே தீரும். பினாமி முறையில் அதுவும் தெரியாது. இந்த ஒரு வரிக்காகக் காசு கொடுப்பது வீண் செலவு. தக்கலையா தோவாளையா என்று யாருக்கும் தெரியப் போவதில்லை.

படிவத்தில் 'ஆர்கனைசேஷன்' என்ற கட்டத்தில்தான் நிறையப் பேர் சறுக்குகிறார்கள். அதில் கடைப் பெயரை எழுதினால் இரண்டு விளைவு. அந்தப் பெயர் பொதுவில் தெரியலாம். சட்டப்படி டொமைனின் உரிமையாளராகக் கருதப்படுவதும் அந்த நிறுவனமே, பெயர்க் கட்டத்தில் இருக்கும் ஆள் வெறும் தொடர்பாளர் ஆகிவிடுவார். பதிவு செய்யப்பட்ட கம்பெனியோ கூட்டாண்மையோ என்றால் இது சரி, அதுதான் முறையும். பெயர்ப்பலகையில் மட்டும் இருக்கும் டிரேடர்ஸ் என்றால், நாளைக்குத் தகராறு வரும்போது "அந்த நிறுவனம் நான்தான்" என்று காட்டக் காகிதம் இருக்காது. தனி ஆள் நடத்தும் தொழிலில் இந்தக் கட்டத்தைக் காலியாக விடுவதே நல்லது.

டாட் இன் கதை வேறு. இந்திய இணைய அமைப்பான நிக்சி நடத்தும் டாட் இன், தமிழிலேயே எழுதும் டாட் இந்தியா ஆகியவற்றில் பினாமி, பிரைவசி சேவைகளுக்கு அனுமதி இல்லை. ரிஜிஸ்ட்ரி டாட் இன் தளத்தில் தேடினால் பெயர், தெரு, போன் எல்லாம் ஏற்கெனவே மறைத்துத்தான் காட்டும். மாநிலமும் நாடும் தெரியும், நிறுவனப் பெயர் கொடுத்திருந்தால் அதுவும் தெரியும். ஆகவே டாட் இன் வாங்கும்போது கார்ட்டில் 'பிரைவசி புரொடெக்‌ஷன்' என்று ஒரு வரி ஏறியிருந்தால் தயங்காமல் நீக்குங்கள். டாட் காமும் டாட் இன்னும் சேர்த்து வாங்கும்போது இந்த வரி சத்தமில்லாமல் இரண்டுக்கும் ஏறிவிடலாம். அதன்மேல் 18 சதவீத ஜிஎஸ்டியும் விழும். டாட் இன்னுக்கு அடையாள ஆவணம் கேட்பதும் உண்டு என்பதால் படிவத்து முகவரி ஆவணத்தோடு ஒத்துப்போக வேண்டும். இங்கே ஒரு உள்ளூர்ச் சிக்கல் இருக்கிறது. நாகர்கோவில் என்ற பெயரையே ஆங்கிலத்தில் இரண்டு மூன்று விதமாக எழுதுகிறோம். ஆதாரில் ஒரு விதம், பாங்கு பாஸ்புக்கில் இன்னொரு விதம், வீட்டு எண்ணில் சாய்கோடு ஒன்றில் இருக்கும், மற்றதில் இருக்காது. எந்த ஆவணத்தைக் கொடுக்கப் போகிறீர்களோ அதைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, அதில் இருக்கும் எழுத்துக்கூட்டலையே படிவத்திலும் தட்டுங்கள்.

போன் கட்டத்திலும் ஒரு சின்ன விஷயம். தரைவழி எண் கொடுப்பதாக இருந்தால் நாகர்கோவில் குறியீடு 04652-இல் முன்னால் உள்ள பூஜ்யத்தை விட்டுவிட்டு, நாட்டுக் குறியீடு 91-க்குப் பின் 4652 என்று தொடங்க வேண்டும். மார்த்தாண்டம் பக்கம் 4651. பூஜ்யத்தோடு போட்டால் சில படிவங்கள் வாங்கிக்கொள்ளும், ஆனால் சரிபார்ப்பு அழைப்பு வராமல் போகலாம்.

மறைத்துவிட்டோமே, உள்ளே எதை எழுதினால் என்ன என்ற நினைப்புதான் இந்தச் சேவையால் வரும் மிகப் பெரிய கேடு. பொய் நம்பர், '123 மெயின் ரோடு' என்று முகவரி, எப்போதோ தொடங்கி மறந்துபோன மின்னஞ்சல். பதிந்ததும், உரிமையாளர் விவரத்தை மாற்றியதும், பதிவு நிறுவனம் மின்னஞ்சலையோ போனையோ 15 நாளுக்குள் சரிபார்க்க வேண்டும் என்பது ஐகேன் விதி. அதற்கான இணைப்பு ஒரு மின்னஞ்சலில் வரும். ஆங்கிலத்தில், வெறும் எழுத்தாக, விளம்பரம் போன்ற தலைப்போடு வரும். பாதிப் பேருக்கு அது ஸ்பாம் பெட்டியில் கிடக்கும். கிளிக் செய்யாமல் விட்டால் கெடு முடிந்ததும் டொமைன் நிறுத்தி வைக்கப்படும். வெப்சைட் மட்டுமல்ல, அந்த டொமைனில் ஓடும் மெயிலும் சேர்ந்து நிற்கும். கடைக்காரர், வெப்சைட்டுக்குச் சர்வரில் இடம் கொடுக்கும் ஹோஸ்டிங்காரரைத் திட்டுவார், ஹோஸ்டிங்காரர் சர்வர் நன்றாக இருக்கிறது என்பார், இரண்டு பேர் சொல்வதும் உண்மையாக இருக்கும். தேடல் பக்கத்தில் நிலைக் குறியீடு 'கிளையன்ட் ஹோல்ட்' (பதிவு நிறுவனம் நிறுத்தி வைத்தது) என்று இருக்கிறதா, அல்லது நேம்சர்வர் பதிவு நிறுவனத்தின் பெயருக்கு மாறியிருக்கிறதா என்று பாருங்கள். இரண்டில் ஒன்று இருந்தால் கணக்கில் நுழைந்து சரிபார்ப்பு மெயிலைத் திரும்ப அனுப்பச் சொல்லிக் கிளிக் செய்தால் போதும். பெரும்பாலும் சில நிமிடங்களில் உயிர் வரும், சில இடங்களில் ஒன்றிரண்டு நாள் இழுக்கும்.

இதே காரணத்தால், தொடர்பு மின்னஞ்சலாக அந்த டொமைனிலேயே உள்ள முகவரியைக் கொடுக்கக் கூடாது. டொமைன் நின்றால் அந்த மெயிலும் நிற்கும், திறவுகோலைப் பெட்டிக்குள்ளேயே வைத்துப் பூட்டிய கதை. டொமைனுக்கென்று தனியாக ஒரு ஜிமெயில், இரண்டு அடுக்குச் சரிபார்ப்போடு, கடையில் வேலைக்கு இருக்கும் தம்பியின் போனில் இல்லாமல் உரிமையாளரின் போனில். பிரைவசிக்குக் கொடுக்கும் காசை விட இது அதிகம் காக்கும்.

சேவையை எப்போது போடுவது என்பதும் முக்கியம். பணம் கட்டும் பக்கத்திலேயே போட்டுவிட வேண்டும். பதிவுத் தகவலை நாள்தோறும் படியெடுத்து வைத்து விற்கும் நிறுவனங்கள் இருக்கின்றன. ஒரே ஒரு நாள் திறந்து கிடந்தாலும் அந்தப் பழைய படி அங்கே நிற்கும், பிறகு மறைத்துப் பயன் குறைவு. ஏற்கெனவே வாங்கிய டொமைன் என்றால், கணக்கில் நுழைந்து டொமைன் பட்டியலில் பெயரைத் தட்டுங்கள். காண்டாக்ட் அல்லது பிரைவசி என்ற பகுதியில் சுவிட்ச் இருக்கும், அதைப் போட்டுவிட்டுச் சிறிது நேரம் கழித்து ஐகேனின் லுக்கப் பக்கத்தில் டொமைனைத் தேடுங்கள். அங்கே தெரிவதுதான் உலகத்துக்குத் தெரிவது, கணக்குப் பக்கத்தில் பச்சை விளக்கு எரிவதை நம்ப வேண்டாம். அதோடு நிறுத்தாமல், மறைப்பு மின்னஞ்சலாக ஒரு நீண்ட குழப்பமான முகவரி அங்கே காட்டினால் வேறு மெயிலிலிருந்து அதற்கு ஒரு வரி அனுப்பிப் பாருங்கள். முகவரிக்குப் பதில் படிவம் இருந்தால் அதில் ஒரு வரி நிரப்புங்கள். உங்கள் பெட்டிக்கு வந்து சேர்கிறதா என்பதுதான் பரீட்சை. வரவில்லை என்றால் டொமைனை நல்ல விலைக்குக் கேட்பவர் எழுதினாலும், வணிக முத்திரைத் தகராறு என்று வக்கீல் நோட்டீஸ் வந்தாலும் உங்களுக்குத் தெரியாது. இரண்டாவதுதான் ஆபத்து.

கட்டணச் சேவைகளைப் பற்றி எங்கள் கருத்து கொஞ்சம் காரமானது. டாட் காமை நடத்தும் வெரிசைன், மொத்த விற்பனை விலையாகப் பதிவு நிறுவனங்களிடம் வாங்கியது 2024 செப்டம்பர் முதல் 10.26 டாலர். மறைப்பு என்பது தரவுத்தளத்தில் ஒரு சுவிட்ச். அந்தச் சுவிட்சுக்கு டொமைன் விலையில் பாதி கேட்டால் வேறு கடைக்குப் போகலாம். நேம்சீப் இதைச் சும்மா தருகிறது, கிளவுட்ஃப்ளேர் டொமைனையே அடக்க விலைக்கு விற்று மறைப்பையும் சேர்த்துத் தருகிறது. 'ஃபுல் புரொடெக்‌ஷன்', 'அல்டிமேட்' என்ற பெயரில் வரும் பெரிய பொட்டலங்களில் இருப்பது மறைப்போடு கூடுதல் பூட்டு, காலாவதிக்குப் பின் கொஞ்சம் அவகாசம் போன்றவை. டொமைன் வேறு நிறுவனத்துக்குப் போகாமல் தடுக்கும் மாற்றத் தடைப் பூட்டு பெரும்பாலான கணக்குகளில் இலவசமாகவே இருக்கிறது. அந்தப் பணத்தை டொமைனைப் புதுப்பிக்க வைத்துக்கொள்ளலாம்.

தனிக் கட்டணமாக வாங்கியவர்களுக்கு இன்னொரு எச்சரிக்கை. டொமைனுக்கு ஒரு தேதி, பிரைவசிக்கு வேறு தேதி என்று ஓடும். டொமைன் உயிரோடு இருக்கும்போதே பிரைவசி மட்டும் முடிந்து, விவரம் ஒரு நாள் காலையில் வெளியே நிற்கும். ஆட்டோ ரினியூ போட்டிருக்கிறேன் என்று நிம்மதியாக இருக்கவும் முடியாது. 2021 அக்டோபர் 1 முதல் ரிசர்வ் வங்கி விதிப்படி, இந்தியக் கார்டில் தானாகப் பணம் எடுக்க இ-மேண்டேட் என்ற முன் அனுமதியைப் பதிந்திருக்க வேண்டும். வெளிநாட்டு நிறுவனங்கள் பலவற்றில் அது இல்லாததால் பணம் எடுக்கும் முயற்சி தோற்றுப்போகும். முடிவதற்கு ஒரு மாதம் முன்பும் ஒரு வாரம் முன்பும் டொமைன் நினைவூட்டல் வர வேண்டும் என்பது விதி. பிரைவசிக்கு அப்படி எந்த விதியும் இல்லை.

வேறு நிறுவனத்துக்கு மாற்றும்போதும் மறைப்பு கூடவே வராது, பழைய இடத்தோடு நின்றுவிடும். புதிய இடத்தில் ஆர்டர் போடும்போதே பிரைவசியைத் தேர்ந்தெடுக்க வேண்டும். மாற்றுவதற்கு முன் மறைப்பை நீக்கச் சொல்லும் நிறுவனங்களும் உண்டு. அப்படிச் சொன்னால் கடைசி நேரத்தில் நீக்கி, இடமாற்றத்துக்கான ரகசியக் குறியான ஆத் கோடை வாங்கி, அன்றே ஆர்டர் போடுங்கள். டாட் காமில் உரிமையாளர் பெயர், நிறுவனம், மின்னஞ்சல் மூன்றில் எதையாவது மாற்றினால் 60 நாள் மாற்றத் தடை விழலாம். ஆகவே முதலில் இடமாற்றம், பிறகு பெயர்த் திருத்தம்.

இதெல்லாம் தொழில்நுட்பக் கோளாறு, சரிசெய்யலாம். இந்த மாவட்டத்தில் டொமைன் கையை விட்டுப் போவதற்கு இன்னொரு வழி இருக்கிறது. வெப்சைட் போட்டுக் கொடுப்பவரிடம் "எல்லாம் நீங்களே பார்த்துக்கிடுங்க" என்று ஒரு தொகையைக் கொடுத்துவிடுவது. அவர் தன் கணக்கில், தன் மெயிலில், சில நேரம் தன் பெயரிலேயே டொமைனை எடுத்து, மேலே பிரைவசியையும் போட்டுவிடுவார். அவருக்குக் கெட்ட எண்ணம் இருக்க வேண்டும் என்றில்லை, இருபது வாடிக்கையாளருக்கும் ஒரே கணக்கு வைத்திருப்பது அவருக்கு வசதி. மூன்று வருடம் கழித்து அவர் வளைகுடாவுக்கு வேலைக்குப் போய்விட்டாலோ, பில்லில் மனக்கசப்பு வந்தாலோ, கடைக்காரர் தேடல் பக்கத்தைத் திறப்பார். அங்கே எல்லாம் 'ரிடாக்டட்'. முன்பெல்லாம் யார் பெயரில் இருக்கிறது என்றாவது தெரியும். இப்போது வேலி எது, பயிரை மேய்வது எது என்றே தெரியாது. கடையின் பெயர்ப்பலகை, விசிட்டிங் கார்டு, பொட்டல லேபிள் எல்லாவற்றிலும் அச்சடித்த முகவரி வேறொருவர் சொத்தாக இருக்கும்.

வெளியிலிருந்து இதைக் கண்டுபிடிக்க வழி கிடையாது. ஆகவே உறவு நன்றாக இருக்கும்போதே கேளுங்கள். அவர் கடைக்கு வரும் நாளில் கணக்கைத் திறந்து, டொமைனின் ரிஜிஸ்ட்ரண்ட் காண்டாக்ட், அதாவது உரிமையாளர் விவரப் பக்கத்தைக் காட்டச் சொல்லுங்கள். மறைப்புக்கு உள்ளே இருக்கும் பெயர், மின்னஞ்சல், போன் அங்கே முழுதாகத் தெரியும். உங்களுடையது இல்லை என்றால் அதே நிறுவனத்தில் உங்கள் பெயரில் இலவசக் கணக்கு தொடங்கி, டொமைனை அந்தக் கணக்குக்கு மாற்றிவிடச் சொல்லுங்கள், 'புஷ்' என்பார்கள். பொதுவாக இதற்குக் கட்டணம் இல்லை, ஆத் கோடும் தேவையில்லை, தேநீர் குடித்து முடிப்பதற்குள் வேலை முடிந்துவிடும். அவர் வெப்சைட்டைத் தொடர்ந்து பார்த்துக்கொள்ள வேண்டும் என்றால் நேம்சர்வர், டிஎன்எஸ் எனும் வழிகாட்டும் அமைப்புகளை மாற்றும் அனுமதியை மட்டும் திருப்பிக் கொடுக்கலாம். டொமைன் வாங்கிய பில் உங்கள் பெயரில் இருக்கட்டும். தகராறு என்று வந்தால் முதலில் கேட்கப்படும் காகிதம் அதுதான்.

மறைப்பு எல்லோரிடமிருந்தும் காக்காது. நீதிமன்ற உத்தரவு வந்தால் விவரம் கொடுக்கப்படும். வணிக முத்திரைக்காரர் டாட் காம் தகராறு மனு போட்டாலும், டாட் இன்னுக்கான தனி முறையில் மனு போட்டாலும் திரை விலகும். நியாயமான காரணம் உள்ளவர்கள் மறைக்கப்பட்ட விவரத்தைக் கேட்பதற்கென்றே ஐகேன் 2023 நவம்பரில் ஒரு விண்ணப்ப முறையைத் தொடங்கியது. இது குறை ஆகாது, போலித் தளம் நடத்துபவன் நம் பெயரில் டொமைன் எடுத்தால் நமக்கும் அதே வழி வேண்டும்.

ஆன்லைனில் நேரடியாக விற்பவர்கள் வேறொன்றையும் நினைவில் வைக்க வேண்டும். 2020-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்பு மின்வணிக விதிகள், விற்பவரின் சட்டப்படியான பெயர், முகவரி, தொடர்பு விவரத்தைத் தளத்திலேயே காட்டச் சொல்கின்றன. கிராம்பும் தேனும் கூரியரில் அனுப்புபவர் டொமைனில் முகவரியை மறைத்துவிட்டுத் தளத்திலும் மறைக்க முடியாது. ஜிஎஸ்டி எண் தளத்தில் இருந்தால், அதை வைத்துத் தேடுபவருக்குத் தொழில் நடக்கும் முகவரி ஜிஎஸ்டி தளத்திலேயே கிடைக்கும். வீட்டிலிருந்து தொழில் நடத்துபவருக்கு இதில் செய்யக்கூடியது போன் நம்பரைப் பிரிப்பதுதான். தொழிலுக்கு ஒரு தனி சிம், அது தளத்தில். டொமைன் கணக்கில் சொந்த நம்பர், மறைப்புக்குள்.

டொமைன் விவரம் சரியா என்று பார்க்கச் சொல்லி வருடத்துக்கு ஒரு முறை பதிவு நிறுவனத்திலிருந்து ஒரு மெயில் வரும். அது உண்மையான மெயில், ஐகேன் கட்டளைப்படி அனுப்பப்படுவது. அதே தோற்றத்தில் 'உங்கள் டொமைன் முடிகிறது, உடனே கட்டுங்கள்' என்றும், 'உங்கள் கடைப் பெயரில் சீனாவில் ஒருவர் டொமைன் கேட்கிறார்' என்றும் வருபவை ஏமாற்றிப் பிழைப்பவர்கள் அனுப்புபவை. எதிலும் உள்ள இணைப்பைத் தட்டாமல், பதிவு நிறுவனத்தின் முகவரியை நீங்களே பிரவுசரில் அடித்து உள்ளே போய்ப் பெயர், மெயில், போன், முடியும் தேதி நான்கையும் ஒரு முறை பாருங்கள். அந்தப் பக்கத்தில் எதுவும் மாறவில்லை என்றால் மெயிலை அழித்துவிடலாம்.